இளம் லைன்மேன் உடம்பு தேறுதா இல்லையா? என்எஃப்எல் ஆஃபென்சிவ் லைன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்எஃப்எல்ல, அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல, ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல்ல டிராஃப்ட் (காலேஜ் வீரர்களை டீம்கள் ரவுண்டு ரவுண்டா எடுக்கிறது) முடிஞ்சா போதும், நம்ம டீம் எடுத்த லைன்மேன் ஒல்லியா இருக்கான், குண்டா இருக்கான், கை குட்டையா இருக்கு, இவனால நிக்க முடியுமா அப்படின்னு ஆரம்பிச்சிடுவாங்க. செப்டம்பர்ல ரெண்டு சாக் விட்டா, அதாவது பந்து வீசறதுக்குள்ள நம்ம ஆளை எதிராளி கீழ தள்ள விட்டா, உடனே "பஸ்ட்", வீணாப் போனவன்னு முத்திரை. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை எல்லாம் சேர்த்து ஒரே இடத்துல எழுதிட்டேன். என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: தராசு காட்டுற நம்பரை விட, ஒருத்தன் வந்து முட்டும்போது பையன் கால் எத்தனை அடி பின்னாடி போகுதுங்கிறது தான் கணக்கு, அதையும் ரெண்டாவது வருஷ ஆகஸ்ட்டுக்கு முன்னாடி கணக்குப் போடக் கூடாது.

முதல்ல, ஆஃபென்சிவ் லைன்னா யார் யாரு?

நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, கார்டுக்கு வெளிய டேக்கிள், மொத்தம் அஞ்சு பேர். பந்து வீசற குவாட்டர்பேக் மேல எவனும் விழாம பார்த்துக்கணும், பந்தோட ஓடுற ரன்னிங் பேக்குக்கு வழி திறந்து விடணும், அவ்ளோ தான் வேலை. சராசரி ஆள் 6 அடி 5 அங்குலம், 310, 315 பவுண்டு, அதாவது 140 கிலோவுக்கு மேல. 1980கள்ல 300 பவுண்டு தாண்டின ஆளைப் பார்த்தாலே ஆச்சரியமா பேசுவாங்க, இப்ப அதுக்குக் கீழ இருந்தா தான் ஆச்சரியம்.

"ஆஃப்சீசன்ல 15 பவுண்டு ஏத்திட்டு வந்திருக்கான்"னு நியூஸ் வந்தா சந்தோஷப்படலாமா?

என்னத்தை ஏத்தினான்னு தெரியற வரைக்கும் வேண்டாம். 15 பவுண்டு இடுப்பு, தொடை, பின்பக்கம்னு ஏறினா அது வேற கதை, வயித்துல ஏறினா அது முழங்காலுக்கு எக்ஸ்ட்ரா சுமை. இந்த சைஸ் ஆளுங்க உடம்புல சுமார் கால்வாசி கொழுப்பு இருக்கிறது சாதாரணம், அது தப்பே இல்ல, அந்தக் கனமும் எதிராளியைத் தாங்கத் தேவைப்படுது. ஆனா ஏறின எடையோட அதே வேகத்துல பக்கவாட்டுல நகர முடியுதாங்கிறது தான் விஷயம். அதனால தான் டீம்காரங்க எடையை மட்டும் எழுதி வெச்சுக்க மாட்டாங்க, அதோட 10 யார்டு ஓட்டத்தையும் தாவுற உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, எடை ஏறி தாவுறதும் அப்படியே இருந்தா பையன் நிஜமாவே பலசாலி ஆயிருக்கான்னு அர்த்தம், எடை ஏறி தாவுறது குறைஞ்சா அது வெறும் சாப்பாடு.

கம்பைன் நம்பர்ல எதைப் பார்க்கணும்?

கம்பைன்ங்கிறது பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பம் வாக்குல இண்டியானாபோலிஸ்ல நடக்கிற டெஸ்ட். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அளவு எல்லாம் எடுப்பாங்க, அப்புறம் 40 யார்டு ஓட்டம், தாவல், திரும்பித் திரும்பி ஓடுற ஷட்டில் ஓட்டம்னு போகும். லைன்மேன் ஒரு மேட்ச்ல 40 யார்டு நேரா ஓடுற சந்தர்ப்பம் அபூர்வம், அதனால அந்த முழு ஓட்டத்தை விட்டுட்டு முதல் 10 யார்டு எவ்ளோ நேரம்னு பாருங்க. 1.75 செகண்டு பக்கத்துல வந்தா இந்த சைஸுக்கு நல்ல வெடிப்பு. நின்ன இடத்துல இருந்து முன்னாடி தாவுற பிராட் ஜம்ப்பும் கீழுடம்பு பலத்தை நல்லா காட்டும்.

டிரிஸ்டன் வர்ஃப்ஸ் 2020 கம்பைன்ல 320 பவுண்டு உடம்பை வெச்சுக்கிட்டு 36.5 அங்குலம் மேல தாவினார், டாம்பா பே 13வது பிக்ல (டிராஃப்ட்ல 13வது ஆளா) எடுத்தாங்க, முதல் சீசன்லயே ரைட் டேக்கிளா ஆடி சூப்பர் பவுல் (லீக் ஃபைனல்) ஜெயிச்சார். சரி, டெஸ்ட் தான் எல்லாம்னு நினைச்சா ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் கதையைக் கேளுங்க. 2018 கம்பைன்ல 40 யார்டுக்கு 5.85 செகண்டு, பெஞ்ச் பிரஸ் 14 தடவை, எல்லாரும் சிரிச்சாங்க, முதல் ரவுண்டுல போவார்னு சொன்ன ஆள் மூணாவது ரவுண்டு 83வது பிக் வரைக்கும் இறங்கி பால்டிமோர் ரேவன்ஸ்கிட்ட போனார். அப்புறம் வரிசையா புரோ பவுல் (சீசனோட சிறந்த வீரர்கள் தேர்வு), கான்சஸ் சிட்டியோட சூப்பர் பவுல். 6 அடி 8 அங்குல உடம்பும் நீளமான கையும் இருக்கிறவரைச் சுத்தி ஓடி வர்றதுக்கே எதிராளிக்கு நேரம் ஆயிடும், அதை எந்த ஸ்டாப்வாட்ச்சும் காட்டாது. நம்ம கிரிக்கெட்ல யோ-யோ டெஸ்ட் பாஸ் பண்ணவன் எல்லாம் செஞ்சுரி அடிக்கிறானா என்ன.

பெஞ்ச் பிரஸ்?

225 பவுண்டு, நம்ம கணக்குல 102 கிலோ, எத்தனை தடவை தூக்கறான்னு பார்ப்பாங்க. கை நீளமா இருக்கிறவன் ஒவ்வொரு தடவையும் அதிக தூரம் தூக்கணும், அதனால நல்ல டேக்கிளுக்கே நம்பர் கம்மியா வரும். டிவிக்கு நல்லா இருக்கும். நான் பார்க்கிறதே இல்ல.

கை நீளம் நிஜமாவே அவ்ளோ முக்கியமா? உடம்பை ஏத்தலாம், கையை ஏத்த முடியாதே?

அதனால தான் இவ்ளோ சண்டை. டேக்கிளுக்கு 33, 34 அங்குலம் வேணும்னு ஒரு எழுதாத விதி. முதல்ல யார் கை யார் நெஞ்சுல படுதோ அவன் தான் அந்த மோதலை நடத்துவான், கை குட்டைன்னா எதிராளி உள்ள வந்துடுவான். 2025ல எல்எஸ்யு காலேஜ் டேக்கிள் வில் கேம்ப்பெல்லை கம்பைன்ல அளந்தப்ப 32 5/8, காலேஜ் புரோ டேல (காலேஜ்லயே நடக்கிற டெஸ்ட்) அளந்தப்ப 33. ஒரே மனுஷன், சில வாரத்துல கை வளர்ந்துடுச்சு பாருங்க! நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அதெல்லாம் கண்டுக்காம 4வது பிக்லயே எடுத்தாங்க. சார்ஜர்ஸோட ரஷான் ஸ்லேட்டருக்கும் 33 அங்குலம் தான், கார்டா மாறிடணும்னு டிராஃப்ட் சமயத்துல நிறைய பேர் சொன்னாங்க, அவர் லெஃப்ட் டேக்கிளாவே முதல் வருஷமே புரோ பவுல் போனார்.

என் கணக்குல கை குட்டையா இருந்தா மன்னிக்கலாம், ஆனா அவனுக்கு கால் வேகமும் நேரமும் கச்சிதமா இருக்கணும், தப்பு பண்ண இடம் கம்மி. நீளக் கைக்காரன் ஒரு ஸ்டெப் லேட்டானாலும் சமாளிச்சுக்குவான்.

டீம் உள்ள எப்படி அளக்கறாங்க?

வெளிய நமக்குக் காட்டுறது உயரம், எடை மட்டும், அதுவும் வெப்சைட்ல இருக்கிற எடை பல சமயம் ரெண்டு வருஷம் பழசு. உள்ள நடக்கிறது வேற. டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு, கொழுப்பு, தசை எவ்ளோன்னு பிரிச்சுப் பார்ப்பாங்க, கை கால் தனித்தனியா கூட தெரியும். ஃபோர்ஸ் பிளேட்னு தரையில ஒரு தட்டு, அது மேல நின்னு தாவச் சொல்வாங்க, எவ்ளோ வேகமா தரையை உதைக்கிறான், இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசம் எவ்ளோன்னு வரும். பிராக்டிஸ்ல டிராக்கர் மாட்டிவிட்டு எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம்னு எடுப்பாங்க, மேட்ச்ல தோள் பேடுக்குள்ளயே சிப் இருக்கு. இதுல லைன்மேனுக்கு ஒரு சிக்கல், அவன் ஓடுற தூரமே கம்மி, அவன் உழைப்பு முழுக்க நின்ன இடத்துல தள்ளுறதுல போகுது, அதனால ஓட்டத்தை அளக்கிற டிராக்கர் அவன் பட்ட பாட்டுல பாதியைக் கூட காட்டாது.

வாராவாரம் எடை பார்க்கிறதும் உண்டு. சொன்ன எடைக்கு மேல போனா பவுண்டுக்கு இவ்ளோன்னு அபராதம் போட டீமுக்கு ஒப்பந்தத்துலயே உரிமை இருக்கு. ஒல்லியா இருக்கான்னு அபராதம் கிடையாது, திட்டு மட்டும் தான்.

காலேஜ்லயும் தான் ஜிம் இருக்கு, அப்புறம் ஏன் முதல் வருஷம் உடம்பு பத்தல?

காலண்டரைப் பாருங்க. ஜனவரில காலேஜ் சீசன் முடியுது, உடனே கம்பைனுக்காக ரெண்டு மாசம் ஓட்டப் பந்தய வீரன் மாதிரி டிரெய்னிங், 40 யார்டு எப்படி கிளம்பணும், எப்படி தாவணும்னு. மார்ச்ல புரோ டே, அப்புறம் ஊர் ஊரா டீம்களோட இண்டர்வியூ, ஏப்ரல்ல டிராஃப்ட், மே மாசம் ரூக்கி (முதல் வருஷ வீரர்) கேம்ப், ஜூலை கடைசில டிரெய்னிங் கேம்ப், செப்டம்பர்ல சீசன், 17 மேட்ச். இதுல எங்க நின்னு நிதானமா உடம்பு கட்டுறது? போதாக்குறைக்கு முட்ட வர்றவன் 28, 30 வயசு ஆம்பளை, காலேஜ்ல பார்த்த 19 வயசுப் பையன் இல்ல.

முதல் சீசன் முடிஞ்ச ஜனவரில இருந்து அடுத்த ஜூலை வரைக்கும் கிடைக்குது பாருங்க, அது தான் அவனோட முதல் முழு ஆஃப்சீசன். அதுலயும் டீமோட அதிகாரப்பூர்வ புரோகிராம் ஒன்பது வாரம் தான், முதல் ரெண்டு வாரம் வெறும் ஜிம், அப்புறம் மைதானத்துல டிரில், கடைசி நாலு வாரம் ஓடிஏன்னு சொல்ற டீம் பிராக்டிஸ், அதுலயும் பாதுகாப்பு பேட் போட்டு முட்டிக்க அனுமதி இல்ல. ஜூன் நடுவுல இருந்து கேம்ப் வரைக்கும் ஆறு வாரம் பையன் சொந்தப் பொறுப்பு, அங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. புத்திசாலிப் பசங்க டெக்சஸ்ல டியூக் மேனிவெதர் மாதிரி லைன்மேனுக்குன்னே இருக்கிற டிரெய்னர்கிட்ட போய் உட்கார்ந்துடுவாங்க.

கோல்டன் மில்லர் நல்ல உதாரணம். 2018ல ரெய்டர்ஸோட 15வது பிக், 6 அடி 8, கம்பைன்ல 309 பவுண்டு, அந்த உயரத்துக்கு அது ஒல்லி. முதல் வருஷம் முழங்கால் காயத்தோடவே 16 மேட்சும் ஆடினார், சாக் மேல சாக். அடுத்த ஆஃப்சீசன்ல எடையும் பலமும் ஏத்திட்டு வந்தார், கொஞ்சம் கொஞ்சமா நிமிர்ந்து 2021ல பெரிய தொகைக்கு ஒப்பந்த நீட்டிப்பு வாங்கினார். 2018 டிசம்பர்ல அவரைத் துரத்தணும்னு கத்தினவங்க யாரும் அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கல.

வயசு எவ்ளோ முக்கியம்?

ரொம்ப. இதை நம்ம ஆளுங்க கண்டுக்கவே மாட்டேங்கறாங்க. 20 வயசுல வர்றவனுக்கும் 24 வயசுல வர்றவனுக்கும் ஒரே அளவுகோல் வெச்சா எப்படி? டைரன் ஸ்மித் 2011ல டல்லாஸ்ல 9வது பிக்கா வந்தப்ப வயசு 20. டெட்ராய்ட்டோட பெனே சூவல் 2021ல 7வது பிக், அவருக்கும் 20 தான். இப்படி வர்றவங்க உடம்பு இன்னும் வளர்ந்து முடிக்கல, டீம் செலவுல இன்னும் ரெண்டு மூணு வருஷம் வளரும். கோவிட் வருஷத்துக்காக காலேஜ்ல ஒரு எக்ஸ்ட்ரா சீசன் குடுத்ததுக்கப்புறம் 23, 24 வயசு ரூக்கிங்க நிறைய வந்தாங்க, அவங்க முதல் நாளே முரட்டுத்தனமா தெரிவாங்க, ஆனா இன்னும் ஏறறதுக்கு இடம் கம்மி. ஒருத்தன் காலேஜ்ல எல்லாரையும் கீழ தள்ளினான்னா, அவன் திறமையா இல்ல எதிராளியை விட மூணு வயசு பெரியவனான்னு ஒரு தடவை பார்த்துக்கங்க.

ஜோர்டன் மெயிலாட்டா கதையை எல்லாரும் சொல்றாங்களே, அது எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது, ஆனா இந்த விஷயத்தைப் புரிஞ்சுக்க அதை விட நல்ல கேஸ் இல்ல. சிட்னில ரக்பி லீக் ஆடிட்டு இருந்த பையன், என்எஃப்எல்லோட வெளிநாட்டு வீரர் புரோகிராம்ல ஃபுளோரிடாவுக்கு வந்து சில மாசம் டிரெய்னிங். அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு மேட்ச் கூட ஆடினது இல்ல. 2018ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஏழாவது ரவுண்டு, 233வது பிக்ல எடுத்தாங்க. 6 அடி 8, 345 பவுண்டு பக்கம்.

அப்புறம் என்ன ஆச்சு? 2018, 2019 ரெண்டு சீசன்லயும் ஒரு ரெகுலர் சீசன் மேட்ச் கூட ஆடல, ரெண்டு வருஷமும் முதுகுப் பிரச்சனையால இஞ்சூர்டு ரிசர்வ் (காயம் பட்டவங்க லிஸ்ட்). வெளிய இருந்து பார்த்தா வேஸ்ட்டு. உள்ள லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் அவருக்கு முழங்காலை மடக்கி நிக்கவே முதல்ல இருந்து கத்துக் குடுத்துட்டு இருந்தார். ரக்பில ஓடி வந்து முட்டுற உடம்பு, இங்க பின்னாடி நகர்ந்துக்கிட்டே முட்டு வாங்கணும், அதுக்கு இடுப்பும் கணுக்காலும் வேற மாதிரி பழகணும்.

இதே நேரத்துல 2019ல ஈகிள்ஸ் முதல் ரவுண்டுல, 22வது பிக்ல ஆண்ட்ரே டில்லார்டுன்னு ஒரு லெஃப்ட் டேக்கிளை எடுத்தாங்க. டெஸ்ட் நம்பர் எல்லாம் பிரமாதம், கால் டான்ஸ் ஆடும். பிரச்சனை என்னன்னா எதிராளி நேரா நெஞ்சுல முட்டினா பின்னாடியே போனார். 2020ல பைசெப்ஸ் கிழிஞ்சு அந்த சீசன் போச்சு, அந்த வருஷம் தான் மெயிலாட்டாவுக்கு வாய்ப்பு வந்துச்சு. 2021 கேம்ப்ல ரெண்டு பேருக்கும் நேரடிப் போட்டி, மெயிலாட்டா ஜெயிச்சார், செப்டம்பர்லயே நாலு வருஷம், 64 மில்லியன் டாலர். 2025 பிப்ரவரில சூப்பர் பவுல்.

இதுல நான் எடுத்துக்கிறது, டில்லார்டுக்குக் குறைஞ்சது வேகமோ எடையோ இல்ல, முட்டு வாங்கித் தரையில ஊன்றி நிக்கிற பலம், அது டிராஃப்டுக்கு முன்னாடி எந்த நம்பர்லயும் வரல. மெயிலாட்டா மாதிரி உடம்பு கோடில ஒண்ணு, அதை வெச்சு உங்க டீமோட ஆறாவது ரவுண்டு பையனுக்கும் மூணு வருஷம் குடுங்கன்னு வாதாட வராதீங்க.

டிவில பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனா பந்தைப் பார்க்கிற பழக்கத்தை விடணும். ஒரு டிரைவ் (டீம் கையில பந்து தொடர்ச்சியா இருக்கிற நேரம்) முழுக்க அந்த ஒரு பையனை மட்டும் பாருங்க. முதல் விஷயம், குனியறது முழங்கால்லயா இடுப்புலயா? முழங்காலை மடக்கி உட்கார்ற மாதிரி நிக்கிறவன் கால் பலத்தை நம்பறான், இடுப்பை வளைச்சு முன்னாடி சாயறவனை ஒரு தட்டு தட்டினா விழுந்துடுவான். இது சோம்பேறித்தனம் இல்ல, பல சமயம் கணுக்கால் மடங்காது, இடுப்பு இறுக்கமா இருக்கும், அதாவது இதுவும் உடம்பு வளர்ச்சி விஷயம் தான்.

ரெண்டாவது, புல் ரஷ். எதிராளி நேரா நெஞ்சுல கை வெச்சு தள்ளிட்டு வர்றப்ப பையன் ரெண்டு ஸ்டெப் பின்னாடி போய் நிக்கிறானா, இல்ல குவாட்டர்பேக் மடியில போய் உட்கார்றானா. நிக்கிறதை தான் ஆங்கர்னு சொல்வாங்க. ரூக்கி வருஷத்துல மூணு நாலு ஸ்டெப் போவான், ரெண்டாவது வருஷம் அது ரெண்டா குறைஞ்சா உடம்பு தேறிட்டு வருதுன்னு எழுதி வெச்சுக்கலாம். சாக் எண்ணிக்கையை மட்டும் பார்த்தீங்கன்னா இது தெரியவே தெரியாது, ஏன்னா வேகமா பந்தை வீசற குவாட்டர்பேக் இருந்தா நாலு ஸ்டெப் பின்னாடி போனவன் கூட நல்ல பேரோட வீட்டுக்குப் போவான்.

மூணாவது விஷயம், மேட்ச்சோட கடைசிப் பகுதியான நாலாவது குவாட்டர்ல எப்படி ஆடறான். முதல் குவாட்டர்ல எல்லாரும் பலசாலி தான். 60வது ஸ்னாப்புக்கு (ஒவ்வொரு தடவை பந்து ஆட்டத்துக்கு வர்றதும் ஒரு ஸ்னாப்) அப்புறம் பையன் ஸ்டான்ஸ்ல எவ்ளோ நிமிர்ந்து நிக்கிறான், ரன் பிளேல ரெண்டாவது ஆளைப் போய் பிடிக்கிறானா இல்ல நின்னு வேடிக்கை பார்க்கிறானான்னு பாருங்க. டிசம்பர் மேட்சையும் செப்டம்பர் மேட்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா இன்னும் தெளிவு, ஏன்னா சீசன் நடுவுல நிறைய ரூக்கிங்களுக்கு எடை தானா இறங்கும்.

கேம்ப் போட்டோல கை நல்லா முறுக்கா தெரியுதே?

கேமரா எங்க வெச்சாங்கன்னு கேளுங்க. தொடையைக் காட்டுற போட்டோ இருந்தா அனுப்புங்க.

எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி உடம்பு தான் வேணுமா?

இல்ல. 1990கள்ல டென்வர்ல அலெக்ஸ் கிப்ஸ் லைன் கோச்சா இருந்தப்ப 290 பவுண்டு வாக்குல இருக்கிற சின்ன லைன்மேன்களை வெச்சே ஜோன் பிளாக்கிங் பண்ணி ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. எல்லாரும் ஒரே பக்கமா ஓடி, எதிராளியை ஓட விட்டு வழி திறக்கிற ஸ்டைல், அதுல கனத்தை விட கால் வேணும். நேரா முட்டித் தள்ளுற டீமுக்கு அந்த உடம்பு பத்தாது. ஜேசன் கெல்சியைப் பாருங்க, 2011 கம்பைன்ல 280 பவுண்டு சென்டர், ஆறாவது ரவுண்டு 191வது பிக். முதல் வருஷமே ஸ்டார்ட்டர், 13 சீசன் ஆடி 2024ல ரிட்டயர் ஆனார், கடைசி வரைக்கும் லிஸ்ட்ல 295 தான். அவரை வேற ஏதாவது டீம் எடுத்து 315 ஆக்கறேன்னு ஊட்டியிருந்தா அந்த வேகம் என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால "ஒல்லி"ன்னு கமெண்ட் போடறதுக்கு முன்னாடி உங்க டீம் எந்த ஸ்டைல்னு பாருங்க.

ஏத்தறது எப்படி? வெறும் சாப்பாடா?

காலேஜ்ல சேர்றப்ப டைட் எண்டா (தடுக்கவும் செய்வான், பந்தும் பிடிப்பான்) 250 பவுண்டு இருந்தவன் டேக்கிளா மாற 60 பவுண்டு ஏத்தணும். ஜோ ஆல்ட் ஹைஸ்கூல்ல டைட் எண்டா ஆடினவர், 2024ல டேக்கிளா 5வது பிக். இந்த மாதிரி ஆளுங்களுக்கு சாப்பாடு ஒரு டியூட்டி, பசிக்குதோ இல்லையோ மணி அடிச்சா சாப்பிடணும். கிளீவ்லேண்டோட ஜோ தாமஸ் 10,363 ஸ்னாப் தொடர்ச்சியா ஆடின மனுஷன், ரிட்டயர் ஆன உடனே சுமார் 50 பவுண்டு இறங்கிட்டார். இவங்க எடை இயற்கையா வந்தது இல்ல, தினமும் பிடிச்சு வெச்சுக்கிறது. அதனால வேகமா ஏத்தறதை விட வருஷத்துக்குக் கொஞ்சமா ஏத்தி அதை டிசம்பர் வரைக்கும் தக்க வெச்சுக்கிறவன் மேல தான் எனக்கு நம்பிக்கை.

ஏற்கனவே மலை மாதிரி இருக்கிறவனுக்கு என்ன வளர்ச்சி?

அவனுக்கு இறக்கறது தான் வளர்ச்சி. மெக்கை பெக்டன் 2020 கம்பைன்ல 364 பவுண்டு, அதோட 5.10 செகண்டுல 40 யார்டு, வாயைப் பிளந்தாங்க. நியூயார்க் ஜெட்ஸ் 11வது பிக். 2021 முதல் மேட்ச்லயே முழங்கால், 2022 கேம்ப்ல மறுபடியும் முழங்கால், அந்த சீசன் முழுக்கப் போச்சு. எடை பத்தி ஊரே பேசினப்ப "பிக் பஸ்ட்"னு எழுதின டி-ஷர்ட் போட்டுட்டு வந்தார் மனுஷன், அந்த தில்லு எனக்குப் பிடிச்சது. 2023ல எடையைக் குறைச்சுட்டு வந்து 16 மேட்ச் ஆடினார், 2024ல ஈகிள்ஸ் அவரை ரைட் கார்டா மாத்தினாங்க, உள்ள ஆடினா ஓடி சமாளிக்க வேண்டிய தூரம் கம்மி, அந்த உடம்புக்கு அது சரியா உட்கார்ந்துச்சு, சூப்பர் பவுல் ரிங் வாங்கிட்டார். பையன் உடம்பு மாறலன்னா சில சமயம் இடத்தை மாத்தலாம்.

காயம் பட்டா வளர்ச்சி நின்னுடுமா?

கீழுடம்பு காயம்னா ஒரு வருஷம் பின்னாடி போகும், ஏன்னா அவன் உடம்பு கட்ட வேண்டிய ஆஃப்சீசன் முழுக்க ரிஹாப்ல போயிடும். முழங்கால் ஆபரேஷன் பண்ணவன் செப்டம்பர்ல வந்துட்டான்னா "ரெடி"ன்னு சொல்வாங்க, ஆட அனுமதி கிடைச்சது வேற, ஆங்கர் திரும்ப வர்றது வேற. தோள், கை காயம்னா கதை வேற, கால் வேலையை விடாம பண்ணலாம், சில பேர் அந்த நேரத்துல தொடையை ஏத்திட்டு வந்துடுவாங்க.

ரெடி இல்லாத பையனை டீம் எங்க வெச்சுக்கும்?

53 பேர் ரோஸ்டர் (முக்கிய டீம்), 16 பேர் பிராக்டிஸ் ஸ்குவாட் (பயிற்சிக்கு வெச்சுக்கிறவங்க). 2020 ஒப்பந்தத்துக்கு அப்புறம் மேட்ச் நாள்ல எட்டு லைன்மேனுக்கு டிரெஸ் போட்டா மொத்தம் 48 பேர் வரைக்கும் இறக்கலாம், இல்லன்னா 47 தான், அதனால எட்டாவது ஆளா ஒரு இளம் பையன் உட்கார இடம் கிடைக்குது. ஒன்பதாவது, பத்தாவது ஆள் சாதாரண உடைல பெஞ்ச் பக்கத்துல நிக்கிறதைப் பார்த்து கவலைப்படாதீங்க, ரூக்கிக்கு அந்த வருஷம் ஜிம்முக்குன்னே எழுதி வெச்சது.

எப்போ "இவன் தேற மாட்டான்"னு முடிவு பண்ணலாம்?

முதல் ரவுண்டு பையன்னா டீமே நாள் குறிச்சு வெச்சிருக்கு. மூணாவது சீசன் முடிஞ்ச மே மாச ஆரம்பத்துக்குள்ள அஞ்சாவது வருஷ ஆப்ஷனை (ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கிற உரிமை) எடுக்கணுமா வேண்டாமான்னு சொல்லியாகணும். டில்லார்டுக்கு 2022ல ஈகிள்ஸ் வேண்டாம்னுட்டாங்க, பெக்டனுக்கு 2023ல ஜெட்ஸ் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டாவது ரவுண்டுல இருந்து கீழ அந்த ஆப்ஷனே கிடையாது, கடைசி ரவுண்டு பசங்களுக்குப் பொறுமையும் கம்மி. அப்படிப்பட்டவன் ரெண்டாவது கேம்ப்லயும் அதே புல் ரஷ்ல அதே நாலு ஸ்டெப் பின்னாடி போனா, வருஷத்துக்கு பத்து பவுண்டு ஏறியிருந்தாலும் சரி, ஆகஸ்ட் கடைசில ரோஸ்டரை 53ஆ வெட்டுறப்ப அவன் பேர் போயிடும். அந்த வாரம் வெளிய வர்ற லைன்மேன்களை மத்த டீம் கோச்சுங்க வெய்வர்ல (டீம்கள் விட்டுட்டவங்க லிஸ்ட்) தேடிப் பிடிப்பாங்க, நீங்களும் அந்த லிஸ்ட்ல 22 வயசு, 34 அங்குலக் கை, முழங்கால் நல்லா மடங்கற பையன் யாராவது இருக்கானான்னு ஒரு கண் வெச்சுக்கங்க.